கூட்டு விண்ணப்பம்

ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் ஃபெலோஷிப் ஒன்றின் அறிவிப்பில் ஒரு நிபந்தனை இருந்தது. தனி ஆளாக விண்ணப்பிக்கக் கூடாது. வெவ்வேறு வேலை பார்க்கும் இருவர் சேர்ந்து எழுத வேண்டும். தேர்வானால் இரண்டு வருஷம் சேர்ந்தே உழைத்து, ஓர் உயிரினத்தையோ ஒரு குளத்தையோ ஒரு காட்டுத் துண்டையோ காப்பாற்ற வழி தேட வேண்டும். 1995 ஜூன் மாதம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் அதைப் படித்தபோது ஃபஹீமாவுக்கு இருபத்தைந்து வயது. விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, படித்த கல்லூரியிலேயே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த உயிரினம் என்று அவள் யோசிக்கவே இல்லை. பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று சொல்லி ஊரார் முகம் சுளிக்கிற பறவை.

அவளுடைய அத்தா ரசாக் உக்கடத்தில் தோல் மண்டி வைத்திருந்தார். அன்னூர், புளியம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் மாடு செத்தால் தோல் அவருக்கு வரும். பத்து வயதில் ஒருமுறை அவரோடு வேனில் போனவள், மொக்கைமேடு என்ற ஊருக்கு வெளியே பாறைக்குழியில் ஒரு செத்த எருதைச் சுற்றி நாற்பது ஐம்பது பாறுகள் முண்டியடித்ததைப் பார்த்தாள். முக்கால் மணி நேரத்தில் எலும்புதான் மிச்சம். நாற்றம் இல்லை, ஈ இல்லை. அத்தா கையைப் பிடித்து இழுத்தும் அவள் நகரவில்லை. "இந்தப் புள்ளைக்கு அருவருப்புங்கறதே இல்ல போலிருக்கு" என்று வீட்டில் வந்து சொன்னார்.

இரண்டாவது பெயருக்கு ஆள் தேடி மொக்கைமேட்டுக்கே போனாள். அங்கே கால்நடைக் கிளை நிலையத்தில் காளிச்சாமி என்பவர் ஆய்வாளராக இருந்தார். நாற்பத்தெட்டு வயது. பட்டம் பெற்ற டாக்டர் இல்லை; ஆனால் இருபத்து நான்கு வருஷமாக ஊசி போட்டு, காளைக்குக் காயடித்து, கன்று இழுத்துவிட்டு, சுற்றுவட்டாரம் பன்னிரண்டு ஊருக்கும் அவர்தான் டாக்டர். தலைமை அலுவலகத்துக்குப் போனால் மட்டும் அவரைக் கம்பவுண்டர் என்பார்கள். அது அவருக்கு உள்ளே எங்கோ முள்ளாகக் கிடந்தது.

ஃபஹீமா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எம்பட பேரும் அச்சுல வருமுங்களா, அம்மணி?"

"உங்க பேருதான் சார் முதல்ல. எனக்கு முன்னால."

"அப்பச் செஞ்சுபோடலாமுங்க" என்றார். அன்று மாலையே கிளை நிலையத்து மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் மாசாணம் நின்றுகொண்டிருந்தான். செத்த மாடுகளைப் பாறைக்குழிக்கு இழுத்துப்போய்த் தோல் உரிப்பவன் அவன். தோலை ரசாக்கிடம் போடுவான், எலும்பை எலும்பு மில்காரர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். பெரும்பள்ளம் என்ற ஓடைக்கரையில் எந்த மருத மரத்தில் எத்தனை கூடு, போன பருவத்தில் எதில் முட்டை, எதில் குஞ்சு என்று காலையிலிருந்து ஃபஹீமாவுக்குக் காட்டிக்கொண்டு வந்தவனும் அவன்தான். அவனைவிட அந்தப் பறவையை அறிந்தவர் அந்த ஜில்லாவில் இல்லை என்று அவளுக்கு அரை நாளிலேயே தெரிந்துவிட்டது.

"இவர் பேரையும் சேர்க்கணும் சார்" என்றாள்.

படிவத்தில் இரண்டு பெட்டிகள்தான் இருந்தன. பெயர், கல்வித் தகுதி, வகிக்கும் பதவி. காளிச்சாமி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவன் பள்ளிக்கொடம் பக்கம் ஒதுங்குனது இல்லீங்க. தகுதியில என்னன்னு எழுதறது? உள்ளூர் உதவியாளர்னு கீழ ஒரு வரி போட்டுக்கலாமுங்க. ஏன்டா மாசாணா, சரிதானே?"

"எனக்கென்னுங்க சாமி தெரியும், எப்படியோ எழுதுங்க" என்றான் மாசாணம்.

ஃபஹீமா கீழே அந்த ஒரு வரியை எழுதினாள்.

ஆகஸ்டில் தேர்வுக் கடிதம் வந்தது. அந்த வருஷம் காட்டுக்குள் போக வழியில்லை. சந்தனக் கடத்தல்காரனைத் தேடி அதிரடிப்படை சோதனைச் சாவடி போட்டிருந்தது, யாரையும் விடாது. ஆகவே காட்டோரத்துக்கு வெளியே இருக்கிற பெரும்பள்ளமும் பாறைக்குழியும்தான் அவர்களுடைய களம். ஃபஹீமா வாரத்தில் நான்கு நாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். காளிச்சாமி தன் டி.வி.எஸ். ஐம்பதில் வந்து சேர்ந்துகொள்வார். அந்தக் கார்த்திகையில் அவர்கள் எண்ணியபோது முப்பத்தெட்டுப் பாறுகள், பதினான்கு கூடுகள். காளிச்சாமி ஒவ்வொரு கூட்டுக்கும் எண் போட்டு வரைபடம் வரைந்தார். அழகான கையெழுத்து அவருக்கு.

"இருவத்துநாலு வருசமா இந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போயிட்டு இருக்கனுங்க. ஒரு நாளாச்சும் தலையத் தூக்கிப் பாத்திருக்கேனா பாருங்க" என்று சிரித்தார்.

மார்கழியில் முதல் அடி விழுந்தது. வேங்கடசாமி என்ற விவசாயியின் ஆட்டுக்குட்டிகளை நாய்கள் கடித்துக் கொன்றன. அவர் ஆத்திரத்தில் ஒரு செத்த கன்றுக்குட்டியின் வயிற்றில் பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்தை ஊற்றிப் பாறைக்குழியில் போட்டுவிட்டார். நாய் இரண்டு செத்தது. கூடவே ஆறு பாறுகளும் செத்தன. வேறு சிலர் மாட்டைக் குழியில் போடாமல் தோட்டத்திலேயே புதைக்கவும் தொடங்கியிருந்தார்கள்.

பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். ஃபஹீமா பாறுகள் ஊருக்குச் செய்யும் உபகாரத்தைப் பற்றிப் பேசினாள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில் வேங்கடசாமி எழுந்தார்.

"ஏனுங்கம்மணி, நீங்க சொல்றதெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. செத்த மாட்டைக் கழுகுக்குப் போடறோம். உசுரோட இருக்கிற மாட்டுக்கு என்னுங்க செய்வீங்க? அதைப் பாக்கறதுக்கு ஆளைக் காணமே?"

அப்போதுதான் காளிச்சாமி அந்த யோசனையைச் சொன்னார். ஊரில் யாரும் செத்த மாட்டுக்கு விஷம் வைக்கக் கூடாது, புதைக்கவும் கூடாது. பாறைக்குழிக்குக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக, ஃபெலோஷிப்பில் களச் செலவுக்கென்று வருவதில் நல்ல மருந்து வாங்கி, எந்த மாடு படுத்தாலும் அவர் வீடு தேடி வந்து இலவசமாக வைத்தியம் பார்ப்பார். கூட்டம் கலகலத்தது. வேங்கடசாமியே முதலில் கையைத் தூக்கினார். வெவ்வேறு ஆட்கள் சேர்ந்து ஓர் உயிரினத்தைக் காப்பது என்று அறிவிப்பில் எழுதியிருந்ததே, அது இதுதான் என்று ஃபஹீமாவுக்குத் தோன்றியது. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

மருந்தைக் கோயம்புத்தூரில் அவளே வாங்கினாள். வலிக்கும் காய்ச்சலுக்கும் புதிதாக வந்திருந்த ஊசி மருந்து. டைக்குளோபினாக் என்று பெயர். கைக்கு அடக்கமான குப்பி. வேங்கடசாமியின் காளை முட்டி வீங்கி மூன்று நாளாக எழவில்லை. காளிச்சாமி காலையில் போட்ட ஊசிக்குச் சாயங்காலம் எழுந்து தண்ணீர்த் தொட்டிக்கு நடந்து போயிற்று. பன்னிரண்டு ஊரிலும் பேச்சு அதுதான். வண்டியை நிறுத்தி, "டாக்டருங்க, நம்மூட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். காளிச்சாமி மெலிந்துபோனார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. பிழைக்காது என்று தெரிந்த மாட்டுக்கும் ஊசி போடுவார்.

"சாகறதுதான் சாகுது, நோவில்லாமச் சாகட்டுமுங்க. வாயில்லாச் சீவன்" என்பார்.

அப்படிச் செத்த மாடுகளை ஊரார் வாக்குத் தவறாமல் பாறைக்குழிக்கு அனுப்பினார்கள். அந்தக் கோடையில் மழை இல்லை, தீவனம் இல்லை. மாடுகள் நிறையச் செத்தன. பாறுகளுக்கு வயிறு நிறையச் சாப்பாடு.

சித்திரை முதல் வாரத்தில் மாசாணம்தான் முதலில் கவனித்தான். மருத மரக்கிளையில் ஒரு பாறு கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கல்லை எறிந்தால் தலையைத் தூக்கும், பிறகு மெல்லத் தொங்கவிடும். இரண்டாம் நாள் பொத்தென்று விழுந்தது. அந்த மாதத்துக்குள் ஏழு விழுந்தன. கூட்டில் இருந்த குஞ்சுகளுக்கு இரை கொண்டுவர ஆள் இல்லாமல் அவையும் காய்ந்தன. காளிச்சாமி ஒன்றை அறுத்துப் பார்த்தார். ஈரலின் மேலும் இருதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளையாகப் படிந்திருந்தது. இருபத்து நான்கு வருஷத்தில் அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஃபஹீமா சிறுநீரகத்தையும் ஈரலையும் ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டியில் வைத்து, வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினாள். பூச்சிமருந்துதான் என்று அவள் நிச்சயமாக நம்பினாள். ஆடியில் பதில் வந்தது. பூச்சிமருந்து எதுவும் இல்லை. சிறுநீரகம் கெட்டுப் பறவை இறந்திருக்கிறது. ஏன் கெட்டது என்று சொல்ல இயலவில்லை.

அந்தக் கடிதத்தை அவள் பள்ளத்தங்கரையில் நின்று படித்துக்கொண்டிருந்தபோது மாசாணம் வந்தான். தோல் உரித்த கத்தியை மணலில் தேய்த்துக் கழுவினான். போகாமல் நின்றான்.

"நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்குவீங்களா, அம்மணி?"

"சொல்லுங்கண்ணா."

"டாக்டரு ஊசி போட்டுச் செத்துதுங்க பாருங்க மாடு, அதைத் தின்ன பொறவுதானுங்க பாறு சாவுது."

ஃபஹீமா அவனைப் பார்த்தாள்.

"ஊசி போட்ட மாடுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தோலை உரிக்கறவன் நானுங்க. ஊசி போன எடத்துல தோலுக்கு அடியில ரத்தம் கட்டிக் கருத்துக் கெடக்குமுங்க, கழுத்துலயோ தொடையிலயோ. மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. இந்தக் கோடையில அப்படி அஞ்சு மாடு வந்துதுங்க. அஞ்சுலயும், தின்ன ரெண்டாம் நாளு மூணாம் நாளு கழுத்து தொங்கிப்போச்சுங்க. நடுவால கெணத்துல உழுந்து ஒரு எருமை செத்துது, பாருங்க. அதுக்கு ஊசியே இல்ல. அதைத் தின்னதுக ஒண்ணுமாகாமப் பறந்துட்டுத் திரிஞ்சுதுங்க."

அவள் நோட்டை எடுத்து ஐந்து மாடுகளின் விவரத்தையும் கேட்டாள். யார் வீட்டு மாடு, எந்தச் சந்தைக்கு முந்தின நாள், எந்த நோன்புக்கு மறுநாள் என்று அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். தன் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஐந்தில் நான்கு பொருந்தின. ஒன்றில் அவள் அந்த வாரம் வரவில்லை.

அன்று மத்தியானமே காளிச்சாமியிடம் சொன்னாள். அவர் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். முகம் மாறிப்போயிற்று.

"மாட்டுக்குப் போட்ட ஊசி மாட்டோட போச்சுங்க. அடைப்பான் நோயி வந்து செத்த மாட்டையே செரிச்சுப்போடற வயிறுங்க அது. இந்த ஒரு சொட்டு மருந்து அதைக் கொல்லுமுங்களா? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

அவள் படித்ததும் அதுதான். பாறின் இரைப்பையை எந்த நோயும் எந்த அழுகலும் ஒன்றும் செய்யாது என்றுதான் பாடம் எடுத்தார்கள்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது சார். ஆனா அவர் நாளோட சொல்றாரு…"

"அவனுக்கு எம்மேல கோவமுங்க. ஊசி போட்டு மாடு பொழைச்சுட்டா அவனுக்குத் தோலு ஏது? உங்க ஐயன் மண்டிக்குந்தான் ஏது?" சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா நெனைச்சுக்காதீங்கம்மணி. வாயில வந்துபோட்டுது."

அந்த வார்த்தை அவளுக்குச் சுட்டது. அதற்கு மேல் அவளால் மாசாணம் பக்கம் பேச முடியவில்லை. பேசினால் தோல் வியாபாரி மகள் தோல்காரனுக்குப் பேசுகிறாள் என்றாகிவிடும் என்று நினைத்தாள். தவிரவும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டிய அறிக்கை அது. ஒருவர் செய்யும் வைத்தியத்தை மற்றவர் குற்றம் சொல்லி எழுதினால் அத்தோடு ஃபெலோஷிப் முடிந்தது. ஓர் ஆய்வுக்கூடம் சொல்லாததை, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் வாய்வார்த்தையை நம்பி எப்படி எழுதுவது? அந்த அரையாண்டு அறிக்கையில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினாள். காளிச்சாமி அழகான கையெழுத்தில் தன் பெயரைப் போட்டார். அவள் அதற்குக் கீழே போட்டாள்.

மாசாணம் சொன்னது சரி. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போதே செத்த மாட்டைத் தின்றால் பாறின் சிறுநீரகம் நின்றுவிடும். ஏழு வருஷம் கழித்து வேறு தேசத்து ஆட்கள் அதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். அதற்குள் நாடு முழுக்க, நூறு பாறு இருந்த இடத்தில் ஐந்து கூட இல்லை. ஆனால் 1996 ஆடி மாதம் அதை அறிந்திருந்த ஒரே மனிதன், பெரும்பள்ளத்தில் கத்தி கழுவிக்கொண்டிருந்த மாசாணம்தான்.

ஊசி நிற்கவில்லை. ஊரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது, நிறுத்தவும் முடியாது.

அந்தக் கார்த்திகையில் எண்ணியபோது ஒன்பது பாறுகள், மூன்று கூடுகள். எண்ணி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஃபஹீமா திரும்பவும் ஒருமுறை எண்ணினாள். மறுபடியும் ஒன்பதுதான். பாறைக்குழியில் மாடுகள் கிடந்து அழுகின. காற்று ஊர்ப்பக்கம் திரும்பினால் சோறு தின்ன முடியாது. அதுவரை எங்கெங்கோ ஒன்றிரண்டாகத் திரிந்த நாய்கள் அங்கே கூட்டமாகச் சேர்ந்தன, குட்டி போட்டன, பெருகின. ஆட்களைக் கண்டால் விலகாமல் முறைத்துப் பார்த்தன.

தை மாதம் மாசாணத்தின் மனைவி ராமாத்தா விறகு பொறுக்கப் போனவளை நான்கைந்து நாய்கள் சூழ்ந்துகொண்டன. தொடையிலும் கையிலும் சதை பிய்ந்துவிட்டது. காளிச்சாமிதான் தன் வண்டியில் உட்காரவைத்துப் புளியம்பட்டிக்கும், அங்கிருந்து காரில் கோயம்புத்தூருக்கும் கொண்டுபோனார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. பிழைத்துக்கொண்டாள். ஆனால் நாய் குரைக்கிற சத்தம் கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே நடுங்குவாள்.

ஊர்க்கூட்டத்தில் பழி மாசாணத்தின் மேல் விழுந்தது. மாட்டை ஒழுங்காக அப்புறப்படுத்தாமல் ஊரை நாறடிக்கிறான் என்றார்கள். இனி ஒவ்வொரு மாட்டையும் ஆள் உயரக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குள் இருக்கக் கூடாது என்றார்கள். தனி ஆளாக அந்தப் பாறை நிலத்தில் குழி எங்கே வெட்டுவது? ஃபஹீமா எழுந்து, அவர் மேல் தப்பில்லை, பாறு இல்லாததால்தான் இப்படி என்றாள்.

"பாறு ஏனுங்கம்மணி இல்லாமப் போச்சு?" என்று வேங்கடசாமி கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ரெண்டு வருசமா நீங்கதானே பாத்துட்டு இருக்கறீங்க?"

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மாசாணம் அவளைப் பார்த்தான். அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. அவள் பக்கத்தில் காளிச்சாமி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் தெரியலீங்க" என்றாள் ஃபஹீமா.

மாசாணமும் ராமாத்தாவும் அடுத்த வாரம் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். அங்கே பனியன் கம்பெனியில் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் ஃபஹீமா அவர்களிடம் போய் நின்றாள்.

"அத்தாகிட்டச் சொல்லி மண்டியில வேலை ஏதாச்சும்…"

"வேண்டாமுங்க அம்மணி. தோலு வாசமே வேண்டாமுன்னு இவ சொல்லிப்போட்டா." பிறகு கொஞ்சம் தயங்கி, "நான் சொன்னதை எங்கயாச்சும் எழுதுனீங்களா?" என்று கேட்டான்.

"நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"நோட்டுலயா" என்றான். பஸ் வந்தது. ராமாத்தாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு அவனும் ஏறினான்.

மாசிக் கடைசியில் ஒரே ஒரு கூட்டில் ஒரே ஒரு பாறு உட்கார்ந்திருந்தது. அதன் ஜோடி விழுந்து பத்து நாளாகியிருந்தது. முட்டையை விட்டு எழாமல் இருந்த அது, ஒரு காலை வேளையில் மரத்தடியில் கிடந்தது. உயிர் இருந்தது. கழுத்தைத் தூக்க முயன்று முடியாமல் மண்ணில் வைத்துக்கொண்டது. காளிச்சாமி அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் இறக்கையை நீவிவிட்டார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. அவர் துடைக்கவும் இல்லை.

"எத்தனை நோவோ, பாவம்" என்று சொல்லிப் பையைத் திறந்தார். ஊசியை எடுத்தார். குப்பியை எடுத்து, மிகக் கொஞ்சமாக, கன்றுக்குட்டிக்குப் போடுவதில் பத்தில் ஒரு பங்கு உறிஞ்சினார்.

ஃபஹீமா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம் சார்."

இரண்டு வருஷத்தில் அவள் அவரைத் தொட்டதில்லை. அவர் அவள் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க அவன் சொன்னதை நம்பறீங்க."

"தெரியல சார்."

"நம்பறீங்க, அம்மணி." ஊசியைத் தாழ்த்தினார். "எத்தனை மாட்டுக்குப் போட்டிருக்கேன் தெரியுமுங்களா? எத்தனை மாடுன்னு தெரியுமுங்களா உங்களுக்கு?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவர் ஊசியில் இருந்ததை மண்ணில் பீய்ச்சினார். பாறு மத்தியானம் வரை மூச்சு விட்டது. பிறகு நின்றது. அதைப் புதைத்துவிட்டு இருவரும் பள்ளத்தில் இறங்கிக் கை கழுவினார்கள். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் எடுக்கவே இல்லை. காளிச்சாமி கூப்பிட்ட வீடுகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது? ஆனால் டி.வி.எஸ். ஐம்பது அவர் தோட்டத்தில் சாத்திக் கிடக்கிற நாட்கள் கூடின.

ஜூனில் கோயம்புத்தூரில் ஓர் ஓட்டல் கூடத்தில் இறுதிக் கூட்டம் நடந்தது. ஏழெட்டு ஜோடிகள் வந்திருந்தன. எல்லோரும் தங்கள் இரண்டு வருஷத்தைச் சொன்னார்கள். ஃபஹீமா தன் முறை வந்தபோது எண்களை வாசித்தாள். முப்பத்தெட்டு. ஒன்பது. சுழி. கூடத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஃபெலோஷிப் குழுத்தலைவர் சுந்தரராஜுலு, பணி ஓய்வு பெற்ற பேராசிரியர், நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பேசினார்.

"மனசு விட்டுறாதீங்க அம்மா. பறவை போனதுக்கு நீங்க பொறுப்பில்ல. ஆனா நீங்க ஒரு பெரிய காரியம் செஞ்சிருக்கீங்க. ஒரு ஊரையே, விஷம் வைக்கறத நிறுத்த வெச்சிருக்கீங்க. மாட்டுக்கு வைத்தியம், பறவைக்கு இரை. ரெண்டையும் கட்டிப்போட்ட இந்த ஏற்பாடு இருக்கே, இதுமாதிரி நான் எங்கயும் பாத்ததில்ல. அடுத்த சுற்றுல இதைப் பத்து எடத்துக்கு விரிவாக்கறோம். காளிச்சாமி ஐயா எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கணும்."

கைதட்டினார்கள். காளிச்சாமியை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவர் எழுந்தார். வெளுத்த சட்டை, புது வேட்டி. அவர் பெயரைப் பெரிய எழுத்தில் அட்டையில் அச்சடித்து மேசையில் வைத்திருந்தார்கள். அவர் கையைக் கூப்பினார், ஆனால் பார்வை ஃபஹீமாமேல் இருந்தது. அவள் சொல்லிவிடுவாள் என்று பயந்தாரா, அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தாரா, அவளுக்கு விளங்கவில்லை. அவர் சொல்வார் என்று அவளும் காத்திருந்தாள்.

"வேற ஏதாவது சேர்க்கணுமா?" என்று தலைவர் கேட்டார்.

அவள் மடியில் நோட்டு இருந்தது. ஐந்து மாடுகள், நாள் வாரியாக. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, ஒரு வருஷம் முன்னாலேயே தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை என்பதாகத்தான் இருக்கும். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அது வாயைத் திறந்து சொல்லக்கூடிய பதிலாக இல்லை.

"இல்லீங்க சார்" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் தட்டோடு அவர்களைத் தேடி வந்தார்கள். அடுத்த சுற்றுக்குத் தேர்வானவர்கள். நித்யஸ்ரீ கால்நடை மருத்துவம் கடைசி வருஷம் படிக்கிற பெண். கிருபாசங்கர் உடுமலைப்பேட்டைக்காரன், தென்னந்தோப்பு வைத்திருக்கிறவன். அமராவதி அணைக்கு மேலே பாறை இடுக்குகளில் கூடு கட்டும் பாறுகளுக்காக விண்ணப்பித்திருந்தார்கள்.

"அக்கா, எங்க பக்கம் இன்னும் இருவத்திரண்டு இருக்குதுங்க. நானே எண்ணுனேன்" என்றான் கிருபாசங்கர். "உங்க மாதிரியே ஊர்க்காரங்ககிட்டப் பேசியாச்சு. மருந்து குடுத்தா, மாட்டைப் பொதைக்காமப் போடறம்னு ஒத்துக்கிட்டாங்க."

ஃபஹீமா கையில் இருந்த சோற்றை வாயில் வைக்காமல் நிறுத்தினாள்.

"ஊசி போட்டு மாடு செத்துப்போச்சுன்னா," என்று ஆரம்பித்தாள், "அதை மட்டும் பொதைச்சுட்டா நல்லது."

"ஏங்கக்கா?"

"ஒரு சந்தேகம்தான்."

"ஊசி போடாம எந்த மாடு அக்கா சாகப்போகுது?" என்று நித்யஸ்ரீ சிரித்தாள். மரியாதையான சிரிப்பு. "எல்லாத்தையும் பொதைச்சுட்டா பாறு எதைத் தின்னும்? ஆய்வுக்கூட முடிவு ஏதாவது வந்திருக்குதுங்களா?"

"இல்ல."

"என்ன மருந்துன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். எந்தக் கடையில வாங்குனீங்கன்னும்."

காளிச்சாமி பக்கத்தில்தான் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நீட்டிய காகிதத்தை அவர் வாங்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவும் இடத்தை நோக்கி மெல்ல நடந்து போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

ஃபஹீமா காகிதத்தை வாங்கினாள். மருந்தின் பெயரை எழுதினாள். கடை இருக்கும் தெருவையும் எழுதினாள். கிருபாசங்கர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இந்த வருஷம் இரண்டு குஞ்சு பொரித்திருக்கிறது, அக்கா ஒருநாள் வந்து பார்க்க வேண்டும் என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். உடுமலை பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அவசரமாக விடைபெற்றார்கள்.

"வாரேனுங்கக்கா" என்றான் அவன், படியிறங்கும்போது திரும்பி.